மேஸ்திரியின் பத்தியச் சீட்டு

பிப்ரவரி 9

கண்ணாடிக்காரிக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். எடுத்தாலும் 'ம்', 'ம்ஹும்' இரண்டைத் தவிர வேறு வார்த்தை வராது. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பாய். உன் நாத்தனார் புத்தி எனக்குத் தெரியாதா?

வந்து ஒரு வாரமாகிறது. புது ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் இன்னும் குழாயே ஒழுங்காக மாட்டவில்லை. நூற்றுப் பத்து நோயாளிகள். உப்பில்லாதது, சர்க்கரையில்லாதது, அரைத்தது, கரைத்தது என்று ஆளுக்கொரு தட்டு. பதினோரு மாதத்தில் இதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டால் திரும்பி வரலாம் என்கிறார்கள். உன் அண்ணனுக்கும் இங்கேயே ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். குவார்ட்டர்ஸில் பூனை கூடாது என்று சொன்னதால்தான் மேஸ்திரியை உன்னிடம் விட்டுவந்தேன். போன மாதம் சிறுநீர் அடைத்துக்கொண்டு அது துடித்த துடிப்பை நீயும் பார்த்தாய். இனி அந்தப் பாக்கெட் உருண்டை ஒன்றுகூட அதன் வாயில் படக்கூடாது. வீட்டுச் சமையல்தான். எங்கள் கிட்னி வார்டு முறையில் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். 'டாக்டரிடம் கேட்டீர்களா' என்று கேட்காதே. இருபது வருஷமாக மனுஷருக்கே பத்தியம் பொங்குகிறவளுக்கு ஒரு பூனைக்குப் பொங்கத் தெரியாதா?

சீட்டு: எலும்பில்லாத கோழிக்கறி நூறு கிராம், சின்னத் துண்டுகள். கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிஷம், வடி. புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி கொதிக்கவை, வடி. மூன்றாவது தண்ணீரில் நன்றாக வேகட்டும், வடி. வேகவைத்த முட்டை பாதி. வெந்த பூசணி ஒரு ஸ்பூன். முட்டை ஓட்டைப் பொடித்துக் கால் ஸ்பூன். உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. இதற்கு மேல் ஒரு துணுக்கும் கூட்டாதே, குறைக்காதே.

அவசரத்தில் என் முக்காலியை அங்கேயே மறந்துவிட்டேன். எடுத்துப் பரணில் போடு.

அண்ணி

*

பிப்ரவரி 20

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று போடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஓடவில்லை. சாமான் ஏற்றுகிற நாலு பேர் முன்னால் வைத்து, "இவ கையில ஒரு செடியைக் குடுத்தாக்கூட மூணு நாள்ல கருகிப் போயிடும்" என்றீர்களே, அது இன்னும் காதிலேயே இருக்கிறது. அந்த நாலு பேரில் ஒருவர் போன வாரம் மூக்குக்கண்ணாடி மாற்ற எங்கள் கடைக்கு வந்தார். லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "செடி எப்படிம்மா இருக்கு?" என்று விசாரித்தார். செடியே கிடையாது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

அண்ணி சொல்லி நாத்தனார் கேட்டதாக உலகத்தில் எங்காவது உண்டா? நான் கேட்கிறேன், வீம்புக்காகவே கேட்கிறேன். கிராம் கணக்காக நிறுக்கச் சின்னத் தராசு வாங்கியாயிற்று. உங்கள் சீட்டை அலமாரிக் கதவில் ஒட்டியாயிற்று. ஒரு துணுக்குக் கூடவில்லை, குறையவில்லை. நாளைக்கு ஒன்று ஆனால் 'கண்ணாடிக்காரி கைவேலை' என்று யாரும் சொல்லக்கூடாது.

ஒரே ஒரு சந்தேகம். தட்டில் கறியை வைத்தால் மேஸ்திரி முகர்ந்து பார்த்துவிட்டு, நான் வடித்து வைத்த தண்ணீர்ப் பாத்திரத்தின் கீழே போய் உட்கார்ந்துகொண்டு கத்துகிறது. கறியை விட்டுவிட்டு வெந்நீருக்கு ஏன் இந்த ஆர்ப்பாட்டம்? கட்டட வேலையில் கலவை சரியில்லை என்று மேஸ்திரி கத்துவாரே, அதே தோரணை. பேர் வைத்த அண்ணனைத்தான் சொல்ல வேண்டும்.

முக்காலி நீங்கள் போட்ட இடத்திலேயே, சமையலறை நிலைப்படிக்கு உள்ளே, நடுவழியில் நிற்கிறது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சுண்டுவிரலை இடித்துக்கொள்கிறேன். பரவாயில்லை. விட்டுப்போனவர் வந்து எடுக்கட்டும்.

கண்ணாடிக்காரி

*

மார்ச் 3

கண்ணாடிக்காரிக்கு,

சீட்டைப் பின்பற்றுகிறாய் என்பதே பெரிய விஷயம். வடித்த தண்ணீரை அதற்குக் கொடுக்காதே. அதில்தான் வேண்டாத உப்பெல்லாம் இறங்கியிருக்கும். எங்கள் வார்டிலும் இதே கதைதான். "அந்தத் தண்ணியையாவது ஒரு வாய் குடும்மா" என்று கெஞ்சாத நோயாளி கிடையாது. கெஞ்சினால் கொடுத்துவிடுவதா? நாக்கு கேட்பதையெல்லாம் கொடுத்தால் பத்தியம் எதற்கு? கொட்டிவிடு.

முக்காலி விஷயத்தில் உன்னோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை. ஒரு தடவை கீழே விழுந்தால் புத்தி வரும்.

அண்ணி

(தங்கச்சி, அந்த முக்காலியை எடுத்துத் தொலை. தினமும் அதைச் சொல்லியே என் உயிரை வாங்குறா. – அண்ணன்)

*

ஜூன் 14

அண்ணிக்கு,

மூன்று மாதமாக எழுதாதது கோபத்தால் அல்ல. கடையில் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துக் கூட்டம். நாட்டில் பாதிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நானும் மேஸ்திரியும். இன்னும் சொன்னால் எனக்குத்தான் உடம்பு தேறியிருக்கிறது. கன்னத்தில் சதை வைத்திருக்கிறது, முடி கொட்டுவது நின்றுவிட்டது. "என்னடி சாப்பிடுறே, எங்களுக்கும் சொல்லேன்" என்று கடையில் துளைக்கிறார்கள். சிரித்து மழுப்புகிறேன்.

மேஸ்திரி விஷயத்தில் ஒரு வேடிக்கை. நடுப்பகலில் ஜன்னல் விளிம்பில் வெயிலுக்கு உட்காருமே, அப்போது கண்மணி கோடு மாதிரி ஒடுங்கித்தானே இருக்கும்? இப்போதெல்லாம் பட்டப்பகலிலும் வட்டமாக, முழுசாக விரிந்து கிடக்கிறது. பார்க்க என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கண் கடையில் சம்பளம் வாங்குகிறவளால் சும்மா இருக்க முடியுமா? முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சின்ன டார்ச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து அடித்துப் பார்த்தேன். மெதுவாகச் சுருங்கி, பாதியிலேயே நின்றுவிட்டது. என் கண்ணுக்கு அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன், சட்டென்று சுருங்கியது. ஏன் அண்ணி அப்படி? உங்கள் ஆஸ்பத்திரியில் யாரையாவது கேட்டுச் சொல்ல முடியுமா?

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். இது கண்ணை இவ்வளவு அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்றுதான் தெரியவில்லை.

கண்ணாடிக்காரி

*

ஜூன் 27

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தைக் கண் டாக்டரிடம் காட்டலாம் என்று வாசல்வரை போனேன். வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பூனைக் கண்ணைப் பற்றிக் கேட்க வெட்கமாக இருந்தது, திரும்பிவிட்டேன்.

மேஸ்திரிக்கு ஏழு வயசு முடிந்துவிட்டது. மனுஷக் கணக்கில் நாற்பதைத் தாண்டிவிட்டது. உன் அண்ணனுக்கும் அந்த வயசில்தானே வெள்ளெழுத்து வந்தது? அதுவாக இருக்கும். ஆனாலும் நீ கேட்ட பிறகு எனக்கும் அரித்துக்கொண்டே இருக்கிறது. அதன் முன்னால் சத்தமில்லாத பொருள் எதையாவது அசைத்துப் பார். சத்தம் வந்தால் காதால் கண்டுபிடித்துவிடும், கெட்டிக்காரப் பயல்.

அது சரி, உனக்கு எப்படி உடம்பு தேறியது? நான் இருந்த வரைக்கும் தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறவள் ஆயிற்றே நீ.

அண்ணி

*

ஆகஸ்ட் 30

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். ஒரு தடவை அல்ல, இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன். எழுதத்தான் கை வரவில்லை.

லென்ஸ் துடைக்கிற பஞ்சைச் சின்ன உருண்டையாக்கி அதன் மூக்குக்கு நேரே மேலிருந்து போட்டேன். ஜூலையில் தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தது. போன வாரம் பஞ்சு விழுந்து கிடக்கிறது, இது நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதே இடத்தில் ஒரு கொண்டைக்கடலையைப் போட்டேன், தரையில் 'டிக்' என்றது. உடனே பாய்ந்து பிடித்துவிட்டது. சுவரில் பல்லி ஓடினால் முன்பு வீடே இரண்டுபடும். இப்போது பல்லி அதன் தலைக்கு மேலே ஒரு முழத்தில் நிற்கிறது, நம் ஆள் வாலைச் சுருட்டிக்கொண்டு கொட்டாவி விடுகிறது.

தட்டை நேராகக் கண்டுபிடிக்கிறது. கட்டிலில் தவறாமல் ஏறுகிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவு நாள் உறைக்கவில்லை. முந்தாநாள் குடையை வழக்கமான ஆணியில் மாட்டாமல் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். மேஸ்திரி வேகமாக வந்து, அந்தக் குடை மேலேயே முட்டிக்கொண்டு விழுந்தது. விழுந்துவிட்டு என்னைப் பார்த்தது. என்னை என்றால் என்னை இல்லை, நான் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளி.

கடையில் பிறர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கொடுக்கிறவள், வீட்டுக்குள் ஒரு கண் அவிவதைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையாக வருகிறது அண்ணி. அடுத்த விடுமுறையில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோகிறேன்.

கண்ணாடிக்காரி

*

செப்டம்பர் 6

என்ன கொடுத்தாய் அதற்கு?

உண்மையைச் சொல். பிஸ்கட்டா, கடைத் தீனியா, உன் தட்டில் மிஞ்சியதா? சீட்டின்படி கொடுத்திருந்தால் இப்படி ஆகவே ஆகாது. நல்ல கண்ணோடு விட்டுவிட்டு வந்தேன். ஏழு மாதம். ஏழே மாதத்தில் முடித்துவிட்டாயே பாவி.

நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று இங்கே வந்த பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதக்கூட நினைத்தேன். இப்போது அந்த எண்ணம் இல்லை.

என்னோடு வேலை செய்கிற நர்ஸின் தங்கை உங்கள் ஊரில்தான் இருக்கிறாள். வீட்டில் மூன்று பூனை வளர்க்கிறாள். இருபதாம் தேதி கூடையோடு வருவாள். மேஸ்திரியைக் கொடுத்து அனுப்பு. உனக்கு எழுத இனி எனக்கு ஒன்றும் இல்லை.

*

செப்டம்பர் 21

அண்ணிக்கு,

பத்தொன்பதாம் தேதி டாக்டரைப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கண்ணுக்குள் வெளிச்சம் விட்டு வெகுநேரம் பார்த்தார். "உள்ள திரை கெட்டுப்போக ஆரம்பிச்சிருக்கு. இன்னும் முழுசாப் போகலை. என்ன சாப்பாடு?" என்றார்.

சீட்டு எனக்கு மனப்பாடம். பாட்டு ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தேன். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே வரும்போது கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரும்மா மூணு தரம் வடிக்கச் சொன்னது?"

"எங்க அண்ணி. கிட்னி ஆஸ்பத்திரியில அப்படித்தான்."

"மனுஷனுக்கு அது சரி. பூனைக்குக் கறியில இருக்கிற ஒரு சத்து கட்டாயம் வேணும், பேரு டாரின். நம்ம உடம்பு அதைத் தானே செஞ்சுக்கும், பூனையால போதுமான அளவு முடியாது. அது தண்ணியில கரைஞ்சு இறங்கிடும். சத்தையெல்லாம் வடிச்சுட்டு இத்தனை மாசமா சக்கையைப் போட்டிருக்கீங்க." அப்புறம் மேஸ்திரியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார். "ஆமா, வடிச்ச தண்ணியை என்ன பண்ணுவீங்க?"

அண்ணி, நான் உங்களிடம் மறைத்தது இது ஒன்றுதான். கொட்டச் சொன்னீர்கள். எனக்கு மனசு வரவில்லை. கறி வெந்த தண்ணீர், அவ்வளவு வாசனை. மிளகு தட்டிப் போட்டு, உப்புப் போட்டுக் காலையும் மாலையும் நான் குடித்தேன். மேஸ்திரி என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தும். "உனக்குக் கூடாதுடா, அண்ணி திட்டுவாங்க" என்று சொல்லிச் சொல்லி, அதன் கண்ணெதிரிலேயே குடித்தேன். அதற்குத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் அதற்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"நான்தான் குடிச்சேன் டாக்டர்" என்றேன். அவர் என் கன்னத்தை ஒரு தடவை பார்த்தார்.

போனது போனதுதானாம், திரும்ப வராது. இன்றைக்கே சாப்பாட்டை மாற்றினால் மிச்சம் இருப்பது நிற்கலாமாம். பொடி கொடுத்திருக்கிறார், தினமும் கலக்க வேண்டும். கறி வெந்த தண்ணீரைக் கறியோடு சேர்த்தே வைக்கச் சொன்னார். கோழியின் இதயமும் கொஞ்சம் ஈரலும் எவ்வளவு என்று அவரே எழுதித் தந்தார். முதல் நாள் தட்டு வைத்ததும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, தண்ணீரை முதலில் நக்கித் தீர்த்தது.

உங்கள் சீட்டை அலமாரியிலிருந்து கிழித்து இந்த உறையில்தான் வைத்தேன். உங்கள் கையெழுத்தை உங்களுக்கே அனுப்பி, 'பாருங்கள், இதுதான் நான் கொடுத்தது' என்று கேட்க ஆசையாக இருந்தது. அப்புறம் வெளியே எடுத்துவிட்டேன். எழுதியது நீங்கள், குடித்தது நான். இதில் யார் யாரைக் கேட்பது?

நேற்று நர்ஸின் தங்கை வந்தாள். நல்ல பெண். மேஸ்திரி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "அண்ணிகிட்டயிருந்து ஒரு கடிதம் வரட்டும், அதுக்கப்புறம் எடுத்துட்டுப் போ" என்று அனுப்பி வைத்தேன். மாதக் கடைசியில் மறுபடி வருவாள். கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். இந்த வீடு அதற்கு மனப்பாடம். அங்கே போனால் முதல் அடியிலிருந்து எல்லாமே குடைதான்.

கண்ணாடிக்காரி

*

செப்டம்பர் 26

கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதத்தைச் சமையற்கட்டில் நின்றபடி படித்தேன். பக்கத்து அடுப்பில் ஒருத்தி மூன்றாவது தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

இருபது வருஷக் கை. கறியைக் கண்டால் வடிக்கும். சிறுநீர் அடைப்பு என்றதும் கிட்னி என்று முடிவு கட்டினேன், கிட்னி என்றதும் வடி என்று எழுதினேன். பூனையைப் பார்த்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. என் கர்வம் கேட்கவிடவில்லை. நீ 'ஏன் கத்துகிறது' என்று பிப்ரவரியிலேயே கேட்டாய். கேட்கத் தெரிந்தவள் நீ. எனக்குப் பதில் சொல்லத்தான் தெரிந்தது.

சொன்னபடி செய்தவளைப் பாவி என்றேன். செடி கருகிவிடும் என்றேன். அந்தச் செடியைக் கருக்கியது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு.

நர்ஸிடம் சொல்லிவிட்டேன், அவள் தங்கை வர மாட்டாள். மேஸ்திரி உன்னுடையது.

இங்கே என்னை நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். உன் முகத்திலும் அதன் முகத்திலும் எப்படி விழிப்பேன்? அதற்கு என்னைப் பார்க்க முடியாது என்பதை நினைத்தால் இன்னும் மோசமாக இருக்கிறது.

அந்த முக்காலியை இப்போதாவது எடுத்துவிடு. அது முட்டிக்கொள்ளப் போகிறது.

அண்ணி

(மூணு நாளா ஒழுங்காச் சாப்பிடலை. நீ ஏதாவது எழுது. – அண்ணன்)

*

அக்டோபர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

போட்டுவிட்டேன், பார்த்தீர்களா? பேனா ஓடிவிட்டது.

முதலில் நல்ல செய்தி. டாக்டர் மறுபடி பார்த்தார். போன மாதம் இருந்த அளவிலேயே கண் நிற்கிறது, மோசமாகவில்லை. நல்ல வெளிச்சத்தில் வெள்ளைப் பஞ்சைக் கையில் பிடித்து ஆட்டினால் பாதி நாள் தலை திரும்புகிறது. மீதி நாள் என்மேல் இருக்கிற கோபத்தில் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். உடம்பில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. எனக்குக் கன்னம் இறங்கி, முடி பழையபடி கொட்டுகிறது. கடையில், "என்னடி, நிறுத்திட்டியா?" என்கிறார்கள். "பங்குக்கு ஆள் வந்தாச்சு" என்றேன்.

அடுத்தது முக்காலி. எடுக்க முடியாது அண்ணி. வீம்பு இல்லை, காரணம் கேளுங்கள்.

சமையலறைக்குள் மேஸ்திரி எப்படி வருகிறது என்று பத்து நாள் தரையில் உட்கார்ந்து கவனித்தேன். நிலைப்படி தாண்டியதும் நிதானிக்கும். கழுத்தை நீட்டி, உங்கள் முக்காலியின் முன்காலில் தாடையை ஒரு தேய்ப்பு. அங்கிருந்து வலது பக்கம் திரும்பி நாலு எட்டு, தட்டு. தண்ணீர்க் கிண்ணம் வேண்டுமென்றால் பின்காலில் தேய்த்துவிட்டு இடது பக்கம். தட்டை எப்படித் தப்பாமல் கண்டுபிடிக்கிறது என்று ஆகஸ்டில் உங்களுக்கு ஆச்சரியமாக எழுதினேனே, அது இப்படித்தான். பரீட்சைக்காக ஒருநாள் முக்காலியை ஒரு சாண் தள்ளி வைத்தேன். நிலைப்படியிலேயே நின்றுகொண்டு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது, உள்ளே வரவே இல்லை. திட்டிக்கொண்டே பழைய இடத்தில் வைத்துவிட்டு, மூன்று காலையும் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

வீம்புக்காக நான் எடுக்காமல் விட்டதை அது வழிகாட்டியாக வைத்துக்கொண்டது. நாம் இரண்டு பேரும் போட்ட சண்டையில் யாருக்காவது ஒரு பிரயோஜனம் என்றால் அது இதுதான்.

இனி இந்த வீட்டில் எதையும் யாரும் நகர்த்தக்கூடாது. கட்டில், அலமாரி, குடை மாட்டுகிற ஆணி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். விடுமுறை வந்தால் வீட்டையே புரட்டிப் போடுவீர்களே, அந்த வேலையெல்லாம் இனி நடக்காது. முக்காலியில் உட்கார்ந்து நீங்கள் பூசணி நறுக்கலாம், என்னைத் திட்டலாம், அதற்குத் தடையில்லை. அது தாடையைத் தேய்க்க வரும்போது உங்கள் கால் வழியில் இருந்தால் உங்கள் காலிலும் தேய்க்கும். முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டீர்களே, அதற்கு முகம் தேவைப்படவில்லை. உங்கள் வாசனை அந்தக் கட்டையில் இன்னும் இருக்கிறதோ என்னவோ, சாப்பிட்டு முடித்தபிறகு தினமும் அதன்மேல் ஏறித்தான் படுக்கிறது.

நிரந்தரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டீர்களா, இன்னும் இல்லையா? சொல்லவில்லை என்றால் சொல்லாதீர்கள். ஜனவரியில் வாருங்கள். அண்ணனிடம் சொல்லி வைத்துவிடுங்கள், மூட்டை முடிச்சை வாசலிலேயே இறக்கட்டும்.

உள்ளே வரும்போது நிலைப்படிக்கு அந்தப் பக்கம் பார்த்து வாருங்கள், சுண்டுவிரலை இடித்துக்கொள்ளப் போகிறீர்கள்.

உங்கள் நாத்தனார்